தங்கைக்கு மட்டும் கிடைத்த விழிப்பு

சலவைக்கூடத்தில் அக்காவுக்குப் பெரிய தூக்கம் என்று பெயர், தங்கைக்குச் சின்னத் தூக்கம். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்ச நேரம் முழித்திருக்க வேண்டுமே.

ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புகிற இடம் அது. அக்காவும் தங்கையும் மடிப்பு மேசையில் ஜோடி. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஓர் உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருத்தி நடந்து வந்து தன் முனைகளை மற்றவள் கையில் சேர்ப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் வேலை நடக்கும். ஒருத்தியின் கண் செருகினால் மற்றவள் விரிப்பைக் கொஞ்சம் பலமாக உதறுவாள். முகத்தில் காற்று அடிக்கும். அவள் முழித்துக்கொள்வாள். அடுத்த விரிப்பில் இவள் முறை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. பிடித்ததைச் சட்டென்று விட அவர்களுக்கு வராது. விரல்கள் மூடினால் திறக்க நேரம் எடுக்கும். கதவுக் கைப்பிடி, பஸ் கம்பி, டீ டம்ளர், எல்லாவற்றோடும் இதே வம்புதான். "நம்ம வீட்டுப் பொண்ணுங்க ஒண்ணப் பிடிச்சா லேசுல விடமாட்டாங்க" என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமை மாதிரியே சொல்லுவாள்.

அப்பாவும் அப்படித்தான் இருந்தார். சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை. நின்றபடியே தூங்குவார். ஒரு நாள் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தூங்குகிற மனுஷனை எதற்கு எழுப்புவது என்று வெகுநேரம் யாரும் தொடவில்லை.

அவர் இருந்த காலத்தில் பெண்கள் இரண்டு பேரும் ஓசியில் நிறையப் படம் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால், தொடக்கத்தைப் பார்த்தார்கள். இடைவேளைக்குப் பிறகு இருவருமே தூங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு மிச்சக் கதையைத் தாங்களே கட்டுவார்கள். அக்கா கட்டுகிற முடிவில் போனவர் திரும்பி வருவார். தங்கையின் முடிவில் யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போவார்கள். வளர்ந்து வேலைக்கு வந்த பிறகும், டிவியில் பார்த்த படங்களுக்கு அப்படியே முடிவு கட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் இரண்டு பேருக்கும் அமையவில்லை. பார்க்க வந்தவர்கள் முன்னால் கொட்டாவி விட்டால் எது அமையும்?

அக்காவுக்கு நாற்பதை நெருங்கும்போது அது நடந்தது. உருளை இயந்திரத்தில் ஆள் வராததால் அவளை நிறுத்தியிருந்தார்கள். விரிப்பின் விளிம்பை உருளைக்குள் ஊட்டியபடியே அவள் தூங்கிவிட்டாள். துணியோடு அவளுடைய கையும் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் துணி எடுக்க வந்த தங்கை முழங்கையைப் பிடித்து இழுத்தாள். புடவைமேல் போட்டிருந்த வேலைச் சட்டையின் கை ஓரம் கருகியதோடு போயிற்று.

சூப்பர்வைசரம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு பேரும் டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க. காட்டாம வந்தா உள்ள விடமாட்டேன்" என்றாள்.

நரம்பு டாக்டர் ஒரு பெண். இவர்கள் உள்ளே போனதும் எழுந்து கை கொடுத்தார். பெரியவள் குலுக்கினாள். டாக்டர் கையை இழுத்தார். வரவில்லை.

"விடுங்கம்மா."

"விட்டுக்கிட்டுதான் இருக்கேன் டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. பெரியவளின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தங்கையிடம் கையை நீட்டினார். அதே கதை. அப்பாவைப் பற்றிக் கேட்டார். ரத்தம், மூச்சு, இதயம் என்று வரிசையாகச் சோதனைகள் எழுதிக் கொடுத்தார்.

முடிவுகள் வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "இது தசை நோய். அப்பாகிட்ட இருந்து வந்திருக்கு. முழுசாக் குணமாகாது, பார்த்துப் பார்த்து வாழணும். ஆனா ஒண்ணு சொல்றேன். இந்தப் பகல் தூக்கம் சோம்பேறித்தனம் இல்ல. அதுவும் நோயோட சேர்ந்ததுதான். முழிப்பா இருக்க மாத்திரை இருக்கு."

சோம்பேறித்தனம் இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. தங்கை அவள் முதுகைத் தடவினாள். அந்த அறையில் அவர்கள் இருவரும் ஒன்றாக இருந்த கடைசி நிமிஷம் அதுதான். அடுத்த வார்த்தையில் டாக்டர் பிரித்துவிட்டார்.

"சின்னவங்களுக்கு இதயம் நல்லா இருக்கு. நாளைக்குக் காலையிலிருந்தே மாத்திரைய ஆரம்பிக்கலாம். உங்களுக்கு அப்படி இல்லம்மா. இதயத்துக்குள்ள துடிப்பு இறங்கி வர்ற வழியில தடங்கல் இருக்கு. முதல்ல பேஸ்மேக்கர் வைக்கணும். அதுக்கப்புறம்தான் மாத்திரையப் பத்தி யோசிக்க முடியும். இப்பக் கொடுத்தா ஆபத்து."

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கு மாத்திரை. எனக்குக் கத்தியா?"

சின்ன ஆபரேஷன்தான், தோள்பட்டைக்குக் கீழே கொஞ்சம் கீறி வைத்துவிடுவோம் என்று டாக்டர் எத்தனையோ சொன்னார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அவள். வேண்டாம் என்பதை அந்த வீட்டில் அப்படித்தான் சொல்லுவார்கள்.

மறுநாள் காலை தங்கை முதல் மாத்திரையை விழுங்கினாள். வெள்ளையாக, சாதாரணமாக இருந்தது. "இதுவா நம்மள எழுப்பப் போகுது?" என்று இருவரும் சிரித்தார்கள். அன்று பதினொரு மணிக்கு அக்காவின் இமை கனத்தது. விரிப்பை உதறினாள் தங்கை. பிறகும் உதறினாள். மறுபடியும் அவளே உதறினாள். அக்காவின் முறை வரவே இல்லை.

ஒரு வாரத்தில் சின்னவள் வேறு ஆளாகிவிட்டாள். வேலை முடிந்து வரும் வழியில் பஸ் ஜன்னலுக்கு வெளியே என்னென்ன கடைகள் இருக்கின்றன என்று சொன்னாள். இத்தனை வருஷமாக அதே பஸ்ஸில்தான் வந்தார்கள். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். மதிய இடைவேளையில் மற்றவர்களோடு உட்கார்ந்து ஊர்வம்பு பேசினாள், சிரித்தாள். மூட்டைமேல் சாய்ந்து படுத்திருந்த பெரியவளின் தூக்கத்துக்குள் அந்தச் சிரிப்பு தூரத்தில் ஏதோ வீட்டு விசேஷம் போலக் கேட்டது. தன்னைக் கூப்பிடாத விசேஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் பழைய படம் ஒன்று ஓடியது. அக்கா பாதியில் தூங்கிப்போனாள். எழுந்தபோது தங்கை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அந்த அண்ணன்காரன் கடைசியில என்ன ஆனான்னு சொல்லட்டா?"

"வேணாம். நானே சொல்றேன். ஊருக்குத் திரும்பி வந்திருப்பான்."

"இல்லக்கா. செத்துப்போயிடறான்."

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கதை இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. இப்போது ஒருத்தியிடம் மட்டும் சாவி இருந்தது.

அன்றிலிருந்து அவள் தங்கையை வேவு பார்க்கத் தொடங்கினாள். மாத்திரை சாப்பிட்டால் தலைவலி வரலாம், பசி குறையலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "தலை வலிக்குதாடி?" என்று தினமும் கேட்பாள். அக்கறை மாதிரிதான் இருக்கும். வலிக்கிறது என்று தங்கை சொன்ன நாட்களில் பெரியவளுக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. நல்லாத்தான் இருக்கேன் என்று சொன்ன நாட்களில் அம்மாவிடம் எரிந்து விழுந்தாள்.

"அவ நல்லா இருக்கறது உனக்கு ஏண்டி ஆகல? நீயும் போய் அந்தக் கருவிய வெச்சுக்கிட்டா உனக்கும்தானே மாத்திரை?" என்றாள் அம்மா.

"உனக்கென்ன, சொல்லுவே. கீறப்போறது என் நெஞ்ச."

இந்த நேரத்தில் சூப்பர்வைசரம்மா சின்னவளை மடிப்பு மேசையிலிருந்து எடுத்து, துணிகள் வண்டி ஏறுகிற முன்பக்கத்துக்கு அனுப்பினாள். எந்த மூட்டை எந்த ஓட்டலுக்கு என்று பார்த்து ஏற்றிவிடுகிற வேலை. நாற்காலி உண்டு, ஜன்னல் உண்டு. பெரியவளுக்கு மேசையில் புது ஜோடி வந்தாள். விறுவிறுவென்று வேலை செய்கிற பெண். "சீக்கிரம் விடுங்கக்கா, எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டே நிப்பீங்க?" என்று துணியை வெடுக்கென்று இழுப்பாள். சின்னத் தூக்கம் என்ற பெயரும் மெல்ல வழக்கொழிந்தது. சின்னது இல்லாதபோது பெரியது எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் மட்டும் பெரிய தூக்கமாகவே இருந்தாள்.

முன்பக்கத்தில் வேன் டிரைவர் ஒருவர் இருந்தார். மனைவி இறந்து சில வருஷம் ஆனவர், அதிகம் பேசாதவர். சின்னவளிடம் மட்டும் பேசினார். துணி ஏற்றி முடிந்த பிறகும் வேன் கிளம்பாமல் நிற்பதை மடிப்பு மேசையிலிருந்தே பார்க்க முடிந்தது. ஒரு சனிக்கிழமை தங்கை வீட்டில் சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் படத்துக்குக் கூப்பிட்டிருக்காரு. போயிட்டு வரட்டுமாம்மா?"

"போயிட்டு வாடி" என்றாள் அம்மா. அந்த வீட்டுப் பெண்ணை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலை தங்கை குளிக்கப் போனபோது பெரியவள் அலமாரியைத் திறந்தாள். மாத்திரை அட்டை தங்கையின் கைப்பையில் இருந்தது. எடுத்தாள். தான் விழுங்கவேண்டும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. அப்பாவின் பெஞ்ச் அவளுக்கு நினைவிருந்தது. அவள் நினைத்தது வேறு. இருட்டு தியேட்டரில் இவள் வாயைப் பிளந்து தூங்கட்டும். அந்த மனுஷன் பார்க்கட்டும். அட்டையைத் தன் தலையணை உறைக்குள் செருகிவிட்டு வெளியே வந்து டீ குடித்தாள்.

தங்கை பையைக் கொட்டித் தேடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "அக்கா, என் மாத்திரையப் பார்த்தியா?"

"நான் எதுக்குப் பார்க்கறேன்?"

மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் கிடைக்கமாட்டார். சின்னவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆனது ஆகட்டும்" என்று போய்விட்டாள்.

அவள் தலைகுனிந்து திரும்பி வருவதைப் பார்ப்பதற்காகப் பெரியவள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது இருட்டிவிட்டிருந்தது. சமையலறையில் அம்மாவும் தங்கையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பேர் போடறப்பவே தூங்கிட்டேம்மா. அவரு தோள்லதான் சாஞ்சிருக்கேன், தெரியவே இல்ல. படம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. கூட்டறவங்க வந்து நின்னாங்களாம். அசையாதீங்கன்னு கையக் காட்டி உட்கார்ந்தே இருந்திருக்காரு. நோயப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டேன். பொறக்கற குழந்தைக்கும் வரலாம்னுகூடச் சொல்லிட்டேன். அதுக்கு என்ன இப்போன்னு கேக்கறாரு. வர்ற வழியில முழுக் கதையையும் அவரே சொன்னாரு."

பெரியவள் இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தான் வைத்த பொறி தங்கைக்குப் பூப்பந்தல் ஆகிவிட்டது. மாத்திரை இருந்திருந்தால் அவள் சாதாரணமாக ஒரு படம் பார்த்துவிட்டு வந்திருப்பாள். அந்தத் தோள் கிடைத்திருக்காது. தன் தூக்கத்துக்கு எந்தத் தோள் இருக்கிறது? மூட்டைதான் இருக்கிறது.

மறுநாள் காலை தலையணை உறைகளைத் துவைக்க எடுத்தாள் தங்கை. உறைக்குள் ஏதோ சரசரத்தது. கையை விட்டு எடுத்தாள். அட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு குழியாகத் தடவிப் பார்த்தாள்.

"எத்தனை சாப்பிட்டே? சொல்லுக்கா. நெஞ்சு ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணும் சாப்பிடல."

தங்கை கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "உயிரே போயிடுச்சு எனக்கு. அப்பா மாதிரி நீயும்..." என்று சொல்லி நிறுத்தினாள். அப்புறம்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. "சாப்பிடலேன்னா, எதுக்கு எடுத்தே?"

பெரியவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "நீ சாப்பிடக்கூடாதுன்னுதான்" என்றாள்.

தானும் முழித்திருக்க ஆசைப்பட்டு எடுத்திருந்தால் தங்கை அன்றைக்கே மன்னித்திருப்பாள். இதை மன்னிக்க அவளால் முடியவில்லை. மாத்திரைகளைக் கொண்டுபோய் வேலையிடத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். காலையில் அங்கே போய்த்தான் விழுங்குவாள். அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே கட்டிலில் முதுகைத் திருப்பிப் படுத்தார்கள். "சாப்பாடு போடட்டுமான்னு அவளக் கேளும்மா" என்று அம்மா வழியாகத்தான் எல்லாம் நடந்தது. "எனக்கே மறந்துபோகுது, யாருக்கு யாரு தூதுன்னு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரியவள் வருந்தினாளா என்றால், வருந்தினாள். ஆனால் பொறாமை குறையவில்லை. முன்பக்கத்து ஜன்னலில் தங்கையின் தலை நிமிர்ந்தே இருப்பதை மேசையிலிருந்து பார்ப்பாள். என்றாவது ஒரு நாள் அது சாயாதா என்று பார்ப்பாள். சாயவில்லை.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல், பெரியவள் விரிப்பின் முனையைப் பிடித்தபடி கீழே சரிந்தாள். எதிரே இருந்த பெண் "ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று சிரித்தாள். யாரோ ஒருத்தி தலைக்கு ஒரு துணியைச் சுருட்டி வைத்தாள். பெரிய தூக்கம் தூங்குவது அங்கே செய்தியா என்ன? அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

முன்பக்கத்திலிருந்து நிமிர்ந்த தங்கைதான் பார்த்தாள். அக்கா தூங்குகிற விதம் அவளுக்கு அத்துப்படி. முதலில் தலை ஆடும், பிறகு மேசையில் முழங்கை ஊன்றும், பிறகுதான் கண் மூடும். அக்கா இப்படி வேரோடு சாய்ந்தது கிடையாது. மூட்டைகளைத் தாண்டி ஓடி வந்து கன்னத்தைத் தட்டினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இது தூக்கம் இல்ல! வேன எடுக்கச் சொல்லுங்க!"

டிரைவர் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே பெரியவளைக் கிடத்தி ஓட்டினார். போகிற வழியில் அவளுக்கு நினைவு வந்து, போயிற்று, மறுபடி வந்தது. தங்கையின் மணிக்கட்டை அவள் கை பிடித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் பிரிக்கப் பார்த்தாள். "கொஞ்சம் பொறுங்க, அதுவா விடும்" என்றாள் தங்கை.

அன்றைக்கே பேஸ்மேக்கர் வைத்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் சொல்வதற்கு இந்தமுறை யாரும் எதுவும் கேட்கவே இல்லை. வார்டில் கண் திறந்தபோது பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுத் தூக்கம் இல்லாத கண்.

"நீதான் பார்த்தியாமே" என்றாள் அக்கா.

"ஆமா."

"அதுக்கும் நீதானா?" கேட்டுவிட்டு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. "உயிரக் காப்பாத்தினவமேலயும் வயிறு எரியுதுடி எனக்கு. நான் என்ன பிறவியோ."

தங்கை சிரிக்கக்கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. மாதக் கணக்கில் பேசாமல் இருந்ததெல்லாம் அந்தச் சிரிப்போடு போயிற்று. "எரிஞ்சா எரியட்டும். நானா இருந்தாலும் எரிஞ்சிருக்கும். ஆனா ஒளிச்சு மட்டும் வெக்காத, கேட்டியா? அது தாங்கல."

"சரி" என்றாள் பெரியவள்.

காயம் ஆறி, கருவி சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு டாக்டர் அவளுக்கும் மாத்திரையை ஆரம்பித்தார். பாதி அளவு. முதல் நாள் பெரியவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணி வந்தது, போயிற்று, இமை கனக்கவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய தூக்கம் வந்து தோளில் கை போட்டது. அளவைக் கூட்டிப் பார்த்ததில் தலைவலியும் படபடப்பும்தான் கூடின. டாக்டர் பழைய அளவுக்கே இறக்கினார். "எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாதும்மா. உங்களுக்குக் காலைப்பொழுது கிடைச்சிருக்கு. மத்தியானத்துக்கு ஒரு சின்னத் தூக்கம் போடுங்க. மருந்தோட சேர்த்து அதுவும் ஒரு வைத்தியம்தான்."

"அவளுக்கு முழு நாள். எனக்குப் பாதி நாள்" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

அடுத்த வருஷம் தங்கை டிரைவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அடுத்த தெருவிலேயே வீடு பார்த்துக்கொண்டு போனாள். கட்டில் முழுக்கப் பெரியவளுக்கே ஆயிற்று. முதல் சில நாட்கள் அவள் ஓரத்திலேயே படுத்தாள்.

சலவைக்கூடத்தில் இப்போது அவளுக்குக் காலையில் கிழிசல் பார்க்கிற வேலை. விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே விரித்து, கறையும் ஓட்டையும் இருப்பதை ஒதுக்க வேண்டும். முழிப்பான கண் வேண்டிய வேலை என்று சூப்பர்வைசரம்மாவே கொடுத்தாள். மதியம் சாப்பிட்டதும் துணி அறையில் ஒரு பெஞ்சில் படுக்க அனுமதி உண்டு. எழுந்து மறுபடி வேலைக்கு வருவாள். முன்பக்க ஜன்னலைக் கடக்கும்போது தங்கை நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள்.

"தூங்கி எழுந்தாச்சா அக்கா?"

"ஆச்சு. நீ தூங்கவே இல்லையா?"

"இல்ல."

"ம்" என்பாள் பெரியவள். அந்த ஒரு எழுத்தில் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கிழிசல் மேசைக்குப் போய் அடுத்த விரிப்பை எடுத்து ஜன்னல் பக்கம் விரித்துப் பிடிப்பாள்.